கையை எப்போது தூக்கலாம்?

கிளினிக் அறைக்குள் வருபவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவருடைய இடது கையைப் பார்ப்பது என் வழக்கம். பேஸ்மேக்கர் வைத்து இரண்டு கிழமைதான் ஆகிறது, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வருகிறார் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு வருடம் கழிந்த பிறகும் அப்படியே வருகிறார் என்றால், மிசினைச் சோதித்து முடித்த கையோடு அவரை நான் அனுப்பிவிடமாட்டேன். மிசின் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு வருடமும் அவர் தன் தலையைத் தானே வாரியிருக்கமாட்டார், கொடியில் துணி போட்டிருக்கமாட்டார், பேரப்பிள்ளையைத் தூக்கியிருக்கமாட்டார்.

கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையின் இதயப் பிரிவில் இ.சி.ஜி. எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு பேஸ்மேக்கர் கிளினிக்குக்கு மாறி, அங்கிருந்தே ஓய்வு பெற்றவள் நான். வீடு தெமட்டகொடையில், ரயில் எஞ்சின்களைத் திருத்தும் ஷெட்டின் சத்தம் கேட்கும் தூரத்தில். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள், சிங்களக் குடும்பங்கள், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் எல்லாம் சுவரோடு சுவராக இருக்கிறோம். ஓய்வுக்குப் பிறகும் கிளினிக் கொப்பியோடு வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. "மிஸ், இதுல என்ன எழுதியிருக்கு?" என்பார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னவற்றை எழுதியும் வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

பேஸ்மேக்கர் தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் வயதானவர்கள். இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு இறங்கி வரும் பாதை, வயதோடு தடித்து ஒரு நாள் அடைபட்டுவிடுகிறது. நாடி நிமிடத்துக்கு 30, 35 என்று விழும். சிலருக்குச் சில வினாடிகள் துடிப்பே நின்றுவிடும். ஆள் சரிந்து விழுவார், முகம் வெளிறும், பிறகு தானாகவே எழும்பி உட்கார்ந்து "எனக்கு என்ன நடந்தது?" என்பார். வீட்டில் அதை வலிப்பு என்பார்கள், பிரஷர் என்பார்கள், சாப்பிடாமல் வந்த மயக்கம் என்பார்கள். நூல் கட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. இ.சி.ஜி. கடதாசியில் மேலறையின் சின்ன அலைகள் ஒரு கணக்கிலும் கீழறையின் பெரிய அலைகள் வேறொரு கணக்கிலும், ஒன்றையொன்று கவனிக்காமல் போய்க்கொண்டிருப்பதைக் கண்டால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அந்தக் கடதாசியை நான் நடந்து கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. ஓடித்தான் போயிருக்கிறேன்.

ஒப்பரேசன் பெரிய ஒப்பரேசன் அல்ல. இடது காறை எலும்புக்குக் கீழே விறைப்பூசி போட்டு, தோலைச் சிறிது கீறி, அதற்குள் 20, 30 கிராம் பாரமுள்ள பெட்டியை வைக்கிறார்கள். அதிலிருந்து ஒரு வயர், சிலருக்கு இரண்டு, இரத்தக் குழாய் வழியாக இதயத்தின் வலது பக்கத்துக்குள் இறங்குகிறது. நுனி இதயத் தசையில் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சைப் பிளப்பது கிடையாது, முழுதாக மயக்குவதும் அநேகமாகக் கிடையாது. மறுநாள் எழும்பி நடந்தவுடனேயே பலருக்கு உலகம் தெளிந்துவிடும். பல மாதமாக மூளைக்குப் போதிய இரத்தம் போகாமல் இருந்தவர்கள் அல்லவா? "கண்ணுக்கு வெளிச்சம் கூடின மாதிரி இருக்கு" என்று ஒரு தாத்தா சொன்னார். அவருக்குக் கண்ணில் யாரும் ஒன்றும் செய்யவில்லை.

புதிதாக வைத்த வயரின் நுனியைச் சுற்றித் தசை வளர்ந்து அதை இறுக்கிப் பிடிக்கச் சில கிழமைகள் எடுக்கும். அதற்கு முன் கையை உயரத் தூக்கினாலோ பாரம் இழுத்தாலோ வயர் இடம் மாறக்கூடும். மாறினால் திரும்பவும் மேசைக்குப் போக வேண்டும். அதனால்தான் நாலு முதல் ஆறு கிழமைக்கு முழங்கையைத் தோளுக்கு மேலே உயர்த்த வேண்டாம், 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்கிறோம். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் வாட்டிலிருந்து துண்டு வெட்டி அனுப்பும் காலை நேரத்தில் இதை விளக்க யாருக்கும் நேரமிருக்காது. கட்டிலுக்கு அடுத்த ஆள் காத்துக்கொண்டிருப்பார். "கைய தூக்க வேணாம், பாரம் தூக்க வேணாம், காயத்த நனைக்க வேணாம்" என்று மூன்று வசனம் சொல்லி முடிப்பார்கள். கேட்கிறவர் காதில் விழுவது ஒன்றுதான்: இனி இந்தக் கையை அசைக்கக் கூடாது.

தடை தொடங்கும் நாளைச் சொல்ல எல்லாரும் இருந்தார்கள். அது முடியும் நாளைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. என் வேலைக் காலம் முழுவதும் என்னை வருத்தியது இதுதான். பற்றரியையும் வயரையும் அளக்க எங்களிடம் மிசின் இருந்தது. வீட்டில் அந்த மனுசர் என்னென்ன செய்வதை விட்டுவிட்டார் என்று கேட்க எந்தப் படிவத்திலும் கோடு இருக்கவில்லை.

மாளிகாவத்தையிலிருந்து ஓர் உம்மா வந்தார். வைத்து ஒரு வருடத்துக்கு மேல். மகன் அவருடைய சால்வையாலேயே கையைக் கழுத்தோடு கட்டி வைத்திருந்தான், அவ்வளவு பாசம். தலை வாரிவிடுவது மருமகள். சட்டை போட்டுவிடுவது மருமகள். சால்வையை அவிழ்த்துவிட்டு, "உம்மா, கைய மெல்ல தூக்குங்க பாப்பம்" என்றேன். தூக்க ஏலவில்லை. தோள் உறைந்துபோயிருந்தது. பல மாதம் அசையாத மூட்டு அப்படித்தான் இறுகும். அவர் அதையும் பேஸ்மேக்கரின் வேலை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். "தொழுகைல ரெண்டு கையையும் காதுவரைக்கும் தூக்கி தக்பீர் கட்ட ஏலாம போச்சு மகள். ஒத்தக் கையாலதான் கட்டுறேன். அல்லாஹ் ஏத்துக்குவானா?" என்று கேட்டபோது அவருக்கு அழுகை வந்தது. அவரைத் தேகப்பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினோம். அனுப்பும் துண்டில், மின் அலைகளைக் கொண்டு உள்ளே சூடேற்றும் சிகிச்சையைக் கொடுக்க வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு அது ஆகாது. தோள் இளகி வரப் பல மாதம் பிடித்தது.

அதற்குப் பிறகு எங்கள் வைத்திய நிபுணரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, முதல் தடவை வருகிற ஒவ்வொருவரின் கொப்பியிலும் ஒரு திகதியை எழுதத் தொடங்கினேன். "இந்தத் திகதியிலிருந்து இடது கையை வழமைபோலப் பாவிக்கலாம்." தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. அதற்குக் கீழே, இன்றிலிருந்தே தோளை மெல்லச் சுழற்றலாம், சாப்பிடலாம், முகம் கழுவலாம், சட்டை போடலாம், முழங்கை தோளுக்குக் கீழே இருந்தால் போதும் என்று இன்னொரு வரி. கொப்பியில் எழுதியிருப்பதைப் பிள்ளைகள் நம்புவார்கள். தாயின் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள்.

நெஞ்சில் வைக்கும் பெட்டி எல்லாருக்கும் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு வாழும் வாழ்க்கை ஆளுக்கு ஆள் வேறு. அச்சடித்து வருகிற அறிவுரைத் தாள்களில் கொல்ஃப் விளையாடலாமா, நீச்சலடிக்கலாமா என்றெல்லாம் இருக்கும். எங்களிடம் கேட்கப்பட்டவை அவையல்ல.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் ஐயா, "கிணத்தில அள்ளிக் குளிக்கலாமோ பிள்ளை?" என்று கேட்டார். கயிற்றை மாறி மாறி இழுக்கும்போது இரண்டு கையும் தலைக்கு மேலே போய் வரும். தண்ணீர் நிறைந்த வாளியின் பாரமும் சேரும். ஆறு கிழமைக்கு மகன் அள்ளி ஊற்றட்டும், காயம் ஆறும் மட்டும் நெஞ்சுக்குக் கீழே மட்டும் குளியுங்கோ, அதற்குப் பிறகு நீங்களே அள்ளுங்கோ என்று சொன்னோம். கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த இன்னொருவர், பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டிருந்தார். சந்நிதியில் தலைக்கு மேல் கை குவிக்க முடியாமல் நிற்பது குறை என்று அவருக்கு மனம் கேட்கவில்லை. நெஞ்சுக்கு நேரே கும்பிட்டால் போதும் ஐயா, சாமிக்குத் தெரியும் என்றேன். இதைச் சொல்வது என் வேலையா என்று கேட்கலாம். வெள்ளை உடுப்பில் இருக்கிறவர் சொன்னால்தான் சில சங்கதிகள் மனதில் இறங்கும். ஆடிவேலுக்கு வடம் பிடிக்கலாமா என்று கேட்ட வெள்ளவத்தைக்காரரை மட்டும் அந்த வருடம் தேருக்குப் பின்னால் நடந்து போகச் சொன்னோம்.

பெண்களுக்குச் சட்டையின் கொக்கி, சாரியின் முந்தானை, கைப்பையின் வார் மூன்றும் பிரச்சினை. முன்பக்கம் திறக்கும் சட்டை, வலது தோளில் பை என்று சொல்லிக் கொடுத்தால் முடிந்துவிடும். இடியப்பம் பிழிவதும் தேங்காய் துருவுவதும் ஆறு கிழமைக்கு வேறு யாராவது செய்ய வேண்டிய வேலைகள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்வது, மேலே உள்ள கம்பியை இடது கையால் பிடித்துத் தொங்க வேண்டாம் என்பது. 154ஆம் இலக்க பஸ்ஸில் பொரளைச் சந்தியில் பிரேக் போட்டால் உடம்பின் முழுப் பாரமும் அந்தத் தோளில்தான் விழும்.

பழைய த்ரீவீல் ஓட்டுகிறவர்களுக்கு நிலத்திலிருந்து மேலே இழுத்து ஸ்டார்ட் பண்ணும் லீவர்தான் எதிரி. அதை இடது கையால் வெடுக்கென்று இழுக்க வேண்டும். பிரித்தானியாவில் பேஸ்மேக்கர் வைத்தவர் ஒரு கிழமைக்குச் சொந்தக் கார் ஓட்டக் கூடாது, பஸ்ஸும் லொறியும் ஆறு கிழமைக்கு ஓட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. எங்கள் த்ரீவீல்காரர்கள் விடயத்தில் ஓட்டத்தை விட அந்த லீவரைப் பற்றித்தான் நான் பயந்தேன். ஹயருக்கு ஓட்டுகிறவர் ஆறு கிழமை வீட்டில் இருந்தால் அடுப்பு எப்படி எரியும் என்பதும் தெரியும். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள வண்டியை யாரிடமாவது மாற்றி எடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த அம்மா இன்னும் மனதில் நிற்கிறார். கொழுந்து பறிக்கிறவர். விழுந்து விழுந்து எழும்பிய பிறகு ஒரு வழியாகக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆறு கிழமை என்றதும் முகம் செத்துவிட்டது. "அவ்வளவு நாளைக்குப் பேர் போடமாட்டாங்களே மிஸ்" என்றார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. செடி இடுப்பளவுதான், கைகள் தோளுக்கு மேலே போவதில்லை என்று அவரே நடித்துக் காட்டினார். பறிப்பதால் வயருக்குப் பெரிய ஆபத்தில்லை, உண்மைதான். ஆனால் நிறைந்த கூடையோடு சரிவில் ஏறி இறங்குவதும், சறுக்கும்போது கையை ஊன்றுவதும் ஆபத்து. டொக்டர் ஒரு கடிதம் கொடுத்தார்: ஆறு கிழமைக்குப் பாரம் இல்லாத வேலை, முழுப் பேரோடு. அதை எழுதும்போது "முழுப் பேரோடு" என்பதைச் சேர்க்கச் சொன்னவள் நான். சம்பளம் வெட்டப்பட்டால் அவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மூன்றாம் நாளே கூடையைத் தூக்கியிருப்பார்.

மூன்று மாதத்தில் ஒரு முறை வந்து சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால், சுகமாகத்தானே இருக்கிறேன், எதற்கு வர வேண்டும் என்பார்கள். அந்த முதல் சோதனைக்கு வராமல் விடுவது எவ்வளவு பெரிய நட்டம் என்று விளங்கப்படுத்த நான் படாத பாடு கிடையாது. பேஸ்மேக்கர் இதயத்தை எழுப்பக் கதவைத் தட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு மெதுவாகத் தட்டினால் உள்ளே இருப்பவர் எழும்புவார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. வயர் புதிதாக இருக்கும்போது அதன் நுனியைச் சுற்றிய தசை வீங்கியிருக்கும், பலமாகத் தட்ட வேண்டும். அதனால் வைக்கும் நாளில் 3.5 வோல்ட் போல உயர்த்தி விடுவார்கள். மூன்று மாதத்தில் வீக்கம் வற்றிவிடும், அநேகமானவர்களுக்கு 1 வோல்ட்டோ அதற்குக் குறைவோ போதும். பாதுகாப்புக்கு அதைப் போல இரண்டு மடங்கு வைத்துவிட்டு மிச்சத்தைக் குறைப்போம். வோல்ட்டைப் பாதியாக்கினால் ஒவ்வொரு துடிப்புக்கும் செலவாகும் சக்தி நாலில் ஒன்றாகிவிடும். பற்றரி வருடக் கணக்கில் கூடுதலாக நிற்கும். இப்போது வருகிற பல மிசின்கள் தாமாகவே இதைச் செய்கின்றன. எல்லாருக்கும் அந்த மொடல் கிடைப்பதில்லை.

இந்தச் சோதனை செய்யும் விதத்தையும் சொல்ல வேண்டும். வோல்ட்டைப் படிப்படியாக இறக்கிக்கொண்டே திரையைப் பார்ப்போம். ஓர் இடத்தில் மிசினின் தட்டலுக்கு இதயம் பதில் சொல்லாது. அந்தக் கணமே திரும்ப உயர்த்திவிடுவோம். சொந்தத் துடிப்பே இல்லாதவருக்கு அந்த ஒரு வினாடி தலை காற்றில் போகும். ஒரு கை பொத்தானில், மற்றக் கை நோயாளியின் மணிக்கட்டில் என்று வைத்துக்கொண்டுதான் நான் இதைச் செய்வேன். என்ன செய்யப் போகிறேன் என்பதை முதலே சொல்லிவிடுவேன். சொல்லாமல் செய்தால் அந்த ஒரு வினாடியின் பயம் அவரோடு வீட்டுக்குப் போகும், அடுத்த கிளினிக்குக்கு அவர் வரமாட்டார். எனக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் பழக்கியது இதைத்தான்.

வீட்டில் நாடி பிடிக்கவும் சொல்லிக் கொடுப்போம். மிசின் 60இல் வைக்கப்பட்டிருந்தால் நாடி 60க்குக் கீழே போகக் கூடாது. கோவிட் காலத்தில் விரலில் மாட்டும் மீற்றர் வீட்டுக்கு வீடு வந்த பிறகு இது இலகுவானது, பயமும் கூடியது. இடையிடையே இதயம் ஒரு துடிப்பை முந்தித் துடித்தால் அது விரலுக்கு வந்து சேராது, மீற்றர் 48 என்று காட்டும், வீடே அலறும். ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அப்போதும் குறைவாக இருந்தாலோ, பழைய தலைச்சுற்றல் திரும்பி வந்தாலோ, விக்கல் மாதிரி வயிறு துடித்துக்கொண்டே இருந்தாலோ உடனே வாருங்கள். காயம் சிவந்து சூடாகி வீங்கினால் பாமசியில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். யாரையும் அதில் ஊசி குத்தி இழுக்கவும் விட வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் நான் கடுமையாகப் பேசுவேன். பெட்டி இருக்கும் இடத்தில் கிருமி ஏறினால் முழுவதையும் கழற்ற வேண்டிவரும்.

மின்சாரத்தைப் பற்றிய பயம் தனி. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, எங்கள் வீதியில் ஒரு பாட்டி இருட்டில் தட்டுத் தடுமாறி என் வீட்டுக்கு வந்தார். "கரண்ட் இல்லாட்டி என்ட மிசின் நின்டுருமா மகள்?" மூன்று நாளாக அவர் தூங்கவில்லை. பற்றரி உள்ளேயே மூடி ஒட்டப்பட்டிருக்கிறது, வெளியே உள்ள கரண்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று ஒருவர் ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்த மூன்று இரவும் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதே மாதங்களில் காஸ் தட்டுப்பாடு. விறகு அடுப்புக்கு மாறினவர்களுக்குச் சிக்கல் இல்லை. காந்தத்தால் சூடாகும் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினவர்களுக்கு, நெஞ்சுக்கும் அடுப்புக்கும் நடுவில் 60 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு நில்லுங்கள், குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம் என்று சொன்னேன். மைக்ரோவேவ், டீவி, ஃபேன், மிக்சி எதற்கும் பயப்பட வேண்டாம். கைத்தொலைபேசியை வலது காதில் வைத்துப் பேசுங்கள், சட்டையின் இடது பொக்கற்றில் வைக்காதீர்கள், 15 சென்ரிமீற்றர் தூரம் போதும். ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் சுமக்க வேண்டாம். வெல்டிங் வேலை செய்கிறவர்கள் மட்டும் திரும்பப் போவதற்கு முன் வைத்திய நிபுணரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

யுத்தக் காலத்தில் எங்கள் நோயாளர்களுக்கு வேறொரு பயம் இருந்தது. கொழும்பில் வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. தமிழ் அடையாள அட்டையோடு ஒருவர் நிற்கிறார், நெஞ்சுக்கு மேலே உலோகம் தேடும் கருவியைக் கொண்டுபோனதும் அது சத்தம் போடுகிறது, தொட்டால் தோலுக்கு உள்ளே உலோகம். அந்த நேரத்தில் அவருக்கு என்ன சிங்களம் வாயில் வரும்? கருவியை ஒரு தரம் அசைத்துக்கொண்டு போவதால் பேஸ்மேக்கருக்கு ஒன்றும் ஆகாது, அதன் மேலேயே பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அதை எடுத்துச் சொல்கிற நிலையில் யாரும் இருக்கவில்லை. பேஸ்மேக்கர் கொம்பனி கொடுத்த அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. ஆகவே சிங்களத்தில் கடிதம் தட்டச்சு செய்து, டொக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தோம். ஒருவர் அதைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டே திரிந்தார்.

யாழ்ப்பாணத்து நோயாளர்களுக்கு அதைவிடப் பெரிய சோதனை பாதைதான். 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பிறகு, கப்பலுக்கோ விமானத்துக்கோ அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. கிளினிக் திகதிகள் கொப்பியில் அப்படியே கிடந்தன. பாதை திறந்த பிறகு வந்தவர்களில் சிலரின் பற்றரி கடைசி மூச்சில் இருந்தது. 2014 ஒக்டோபரில் ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியபோது, இரவு ரயிலில் வந்து இறங்கி, கிளினிக்கை முடித்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்த அன்று, எங்கள் தெமட்டகொடையில் மஹவில கார்டனில் ஒரு வீட்டில் குண்டு வெடித்து மூன்று பொலிஸார் இறந்தார்கள். சோதனைகள் திரும்பி வந்தன. முன்பு தமிழ் ஆண்கள் வந்து கேட்ட அதே கடிதத்தை இப்போது முஸ்லிம் ஆண்கள் வந்து கேட்டார்கள். பழைய கடிதத்தின் பிரதி என் லாச்சியில் இருந்தது. பெயரை மட்டும் மாற்றினேன்.

மரணத்தைப் பற்றிக் கேட்க எல்லாருக்கும் மனம் வரும், வாய் வராது. படுக்கையில் கிடக்கும் தகப்பனைப் பற்றி ஒரு மகன் என்னை வெளியே கூப்பிட்டுக் கேட்டான்: "வாப்பாட உயிர இந்த மிசின் புடிச்சு வச்சிருக்கா மிஸ்? ரூஹ் போக விடாம வேதனைப்படுத்துதா?" இல்லை. மிசின் தட்டும், ஆனால் பதில் சொல்வது தசை. உடம்பு அடங்கும் நேரம் வந்து தசைக்கு ஒட்சிசன் இல்லாமல் போனால், எத்தனை தட்டினாலும் அது அசையாது. திரையில் மிசினின் கோடுகள் மட்டும் சிறிது நேரம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் உயிர் இருக்கிறது என்று சண்டை பிடித்த குடும்பங்களையும் கண்டிருக்கிறேன். அதனால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அந்த மகன் ஒரு பெருமூச்சு விட்டு, உள்ளே போய்த் தகப்பனின் காலடியில் அமர்ந்து யாசீன் ஓதத் தொடங்கினான்.

குப்பியாவத்தை மையவாடியில் அடக்குகிறவர்களுக்கு பேஸ்மேக்கரை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கனத்தையில் தகனம் செய்கிறவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டும். சூட்டில் பற்றரி வெடிக்கும். 1976இலேயே இங்கிலாந்தில் ஒரு தகனசாலையில் இப்படி நடந்தது பதிவாகியிருக்கிறது. உலைக்குப் பக்கத்தில் நிற்கிற தொழிலாளியின் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம் இது. மரணம் வீட்டில் நடந்தால் மலர்ச்சாலைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டிய சங்கதி இதுதான், சவப்பெட்டியின் நிறமும் பூவும் பிறகு பேசிக்கொள்ளலாம். எடுத்த மிசினை என்ன செய்வது என்று கேட்பார்கள். கனடாவில் இறந்தவர்களிடமிருந்தும் மாற்றப்பட்டவர்களிடமிருந்தும் எடுத்த கருவிகளைக் கிருமி நீக்கி, மெக்சிகோ, குவாத்தமாலா போன்ற நாடுகளில் 1,051 பேருக்கு வைத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. புதிய கருவி வைத்தவர்களோடு ஒப்பிட்டபோது கிருமித் தொற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. கண்தானத்துக்கு உலகமே மதிக்கும் நாடு இது. ஓர் ஏழைக்கு இன்னும் ஐந்தாறு வருடம் உழைக்கக்கூடிய மிசின் அலுமாரியில் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

பற்றரி முடிவதைப் பற்றியும் வீணான பயம் உண்டு. அது திடீரென்று நிற்பதில்லை. 7 முதல் 12 வருடம் போல ஓடும். முடிவுக்குக் கிட்டப் போகும்போது மிசினே தன் குறியைக் காட்டும், அதற்குப் பிறகும் மூன்று மாதம் போல அவகாசம் இருக்கும். நெஞ்சின் மேலே ஒரு காந்தத்தை வைத்தால் மிசின் குறித்த ஒரு வேகத்தில் தட்டத் தொடங்கும். பற்றரி தளரும்போது அந்த வேகம் குறையும். பெரிய மிசின் இல்லாத வைத்தியசாலையிலும் ஒரு காந்தமும் இ.சி.ஜி.யும் இருந்தால் இதைப் பார்த்துவிடலாம். மாற்ற வேண்டும் என்றதும் "இன்னொரு தடவை வெட்டுறதா?" என்று இடிந்துபோகிறவர்களுக்கு நான் ஆர்னே லார்சன் கதையைச் சொல்வேன். 1958 ஒக்டோபர் 8ஆம் திகதி ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் கரோலின்ஸ்கா வைத்தியசாலையில் உலகத்திலேயே முதலாவதாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டவர் அவர். வயது 43. ஒரு நாளைக்குப் பல தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்த அவருக்காக அவருடைய மனைவி எல்ஸ்-மரி, சத்திரசிகிச்சை நிபுணர் ஓகே சென்னிங்கையும் பொறியியலாளர் ரூனே எல்ம்க்விஸ்ட்டையும் விடாமல் நச்சரித்தார். மனிதருக்கு வைக்கத் தயாரான கருவி எங்களிடம் இல்லை என்று சொன்னபோது, அப்படியானால் ஒன்று செய்யுங்கள் என்றார் அந்த அம்மா. முதலாவது கருவி சில மணித்தியாலம்தான் உழைத்தது. லார்சன் வாழ்நாளில் 26 கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001இல் 86 வயதில், இதயத்தோடு சம்பந்தமில்லாத நோயால் காலமானார். அவருக்குக் கருவி செய்தவரும் அதை வைத்தவரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். ஒரு மனைவியின் பிடிவாதத்திலிருந்து இந்த வைத்தியம் தொடங்கியது என்பதைக் கேட்டால் பெண்களின் முகம் மலரும்.

இரண்டாவது மிசினுக்கும் முதலாவதற்குக் கொடுத்த அதே அறிவுரையையே பல இடங்களில் கொடுத்துவிடுகிறார்கள். வயர் பழையது, பல வருடத்துக்கு முன்பே தசையோடு சேர்ந்துவிட்டது. பெட்டியை மட்டும் மாற்றியவர் ஆறு கிழமை கையைத் தொங்கப்போடத் தேவையே இல்லை. தையல் ஆறினால் சரி. நான் ஓய்வு பெறுவதற்குச் சிறிது காலத்துக்கு முன் வெள்ளவத்தையிலிருந்து ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர், மிசின் மாற்றி மூன்று கிழமைக்குப் பிறகு கையைத் துவாயால் கட்டிக்கொண்டு வந்தார். முதல் தடவை அப்படித்தான் கட்டச் சொன்னார்களாம். காயத்தைப் பார்த்தேன், சுத்தமாக ஆறியிருந்தது. வயரையும் சோதித்தேன். பிறகு துவாயை அவிழ்த்து மடித்து அவருடைய மடியில் வைத்தேன்.

"எங்கட வீட்டு மதிலுக்கு மேலால நந்தியாவட்டை நிக்குது பிள்ளை. சாமிக்குப் பூ எடுக்கிறது நான்தான். இப்ப மூண்டு கிழமையாப் பக்கத்து வீட்டுப் பெடியன்தான் ஆஞ்சு தாறான்" என்றார்.

"நாளைக்கு நீங்களே ஆயுங்கோ ரீச்சர். ரெண்டு கையாலயும் ஆயலாம்."